உடற்குறையும் தொழிற்பேறும்

சென்ற ஆண்டு இறுதி வகுப்பு முடிந்த மாலைப்பொழுதில், ஊன்றுகோல் இரண்டின் துணைகொண்டு நடக்கும் மாணவர் ஒருவர் என்பால் வந்து, "ஐயா, பட்டம் பெறுவேன் என்பதில் எனக்கு ஐயமில்லை, அதன்பின் பிழைப்புப் பெறுவேனோ?" என்று வினவினார். யான் முயற்சியின் பெருமையை எடுத்துரைத்து, மனந்தளர வேண்டா என்று தேற்றி அவரை அனுப்பினேன். அவரும் வணங்கிச் சென்றார். சென்ற பின்னரே, அவர் வினாவிற்கு யான் விடை கூறிற்றிலேன் என்பது எனக்குப் புலனாயிற்று. அவர் தம் முயற்சியைப்பற்றி வினவினாரல்லர். தாம் சென்று தட்டவிருக்கும் கதவைப்பற்றியே வினவினார். அன்று கூறாதொழிந்த விடையை இயன்ற அளவு ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், பொறியின்மையைப் பழியாகக் கொள்ளாது முயற்சியின்மையையே பழியாகக் கொள்கின்றார். ஆண்டுப் பொறி என்னுஞ் சொல்லிற்கு விதி என்று பொருள் கொள்வாரும், உடலுறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். இரண்டாவது பொருளைக் கொள்ளுமிடத்து, அவர் கூற்று நம் ஆராய்ச்சிக்கு நேரே உரியதாகும். எனினும் அதனோடு அமையாது, பிறிதொரு வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். முயலாமை பழியாயின், முயல்வார்க்குக் கதவடைத்தல் யாருடைய பழி?

நிலைமை யாது?

2011-ஆம் ஆண்டின் மக்கட்டொகைக் கணக்கின்படி, இந்திய நாட்டில் உடற்குறை அல்லது உளக்குறை உடையோர் 2 கோடியே 68 லட்சம் பேர்; அஃதாவது மக்கட்டொகையில் 2.21 விழுக்காட்டினர். அவருள் யாதேனும் ஒரு தொழில் செய்வோராகக் கணக்கிடப்பட்டோர் ஏறக்குறைய 36 விழுக்காட்டினரே. ஆடவருள் 47 விழுக்காட்டினரும், பெண்டிருள் 23 விழுக்காட்டினரும் தொழிலுடையோராவர். சிறுவரும் முதியோரும் இக்கணக்கில் அடங்குவராயினும், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒன்றே, குறைபாடு மட்டும் தொழிலைத் தடுப்பதன்று என்பதை உணர்த்தப் போதியதாகும். கண்ணொளியின்மை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அவர்க்குத் திறக்கும் கதவுகளே ஒன்றல்ல.

முற்காலத்தில் இவர்களை அங்கவீனர் என்றும், பின்னர் ஊனமுற்றோர் என்றும் வழங்கினர். இன்று தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் என்னும் பெயர் வழக்கிலுள்ளது. பெயர் உயர்ந்தது நன்றே. பெயர்க்கேற்ப நிலையும் உயர்ந்ததா என்பதை, அவர் பெறும் மாத ஊதியமே காட்டும்.

தொழிலின் உயிரும் உடையும்

இப்பொருளை ஆராய்வார்க்குத் துணையாவது ஒரு வேறுபாடு. எத்தொழிற்கும் உயிர் என்று சொல்லத்தக்க பகுதி ஒன்றும், உடை என்று சொல்லத்தக்க பகுதி ஒன்றும் உள. எது நீங்கின் அத்தொழிலே இல்லையாகுமோ அஃது உயிர். எது பழக்கத்தினால் வந்து சேர்ந்ததோ, எதனை வேறொரு வகையாலும் செய்து முடித்தல் கூடுமோ அஃது உடை.

ஆசிரியர் தொழிலை எடுத்துக்கொள்வோம். பொருளைத் தெளிந்து, மாணவர் உள்ளங்கொள்ள உரைத்தல் அதன் உயிர். நின்றுகொண்டு கரும்பலகையில் எழுதுதல் அதன் உடை. கணக்கர்க்குப் பிழையின்றிக் கணக்கு முடித்தல் உயிர். மாடியறையில் அமர்ந்து முடித்தல் உடை. பேருந்து ஓட்டுவார்க்கோ கண்பார்வை தொழிலின் உயிரேயாம். அதனை உடையென்று கொள்ளுதல் கூடாது. ஆகலின், எல்லாத் தொழிலும் எல்லார்க்கும் இயலும் என்பது எம் கொள்கையன்று. உயிரைக்கொண்டு ஒருவரை அளந்து பார்த்து, 'இவர்க்கு இஃது இயலாது' என்றால் அது நீதி. உடையைக்கொண்டு அளந்து அவ்வாறு கூறினால் அஃது அநீதி. வேலை வேண்டி வந்தோரைத் திருப்பியனுப்பும் காரணங்களுட் பல, உடைபற்றியனவே என்பதை ஆராய்ந்து காண்பார் அறிவர்.

கதவை அகலத் திறப்பதாக எண்ணிக் குறுக்கிவிடுதலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பாளையங்கோட்டையில், அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் பள்ளிகளைத் தோற்றுவித்தனர். கல்விக்கே உரியரல்லர் என்று ஒதுக்கப்பட்டோரைக் கல்விச்சாலையில் அமர்த்திய அத்தொண்டு என்றும் போற்றற்பாலது. ஆயின், அத்தகைய பள்ளிகளிற் கற்பிக்கப்பெற்ற கைத்தொழில்களைக் கண்ட உலகம், பார்வையில்லார்க்கு உரியது பிரம்பு பின்னுதலும் இசையுமே என்று எல்லை வகுத்துக்கொண்டது. குறைக்கொரு தொழில் என்று பங்கிடுதலும் உடையைக்கொண்டு அளத்தலின் பாற்படும். ஒரே குறையுடைய இருவர், ஒரே அறிவும் விருப்பமும் உடையராதல் இல்லை.

வேலூர் கற்பித்த முதற் பாடம்

இவ்வேறுபாட்டை ஏட்டிலன்றி வாழ்க்கையிற் கற்பித்த இடம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946-இல் அக்கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டில் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றவர், ஆண்டு நோயாளிகளின் விரல்கள் பறவையின் உகிர்போல் மடங்கிக் கிடத்தலைக் கண்டார். அந்நோய் நரம்புகளைத் தாக்குதலால் கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் தசைகள் சில வலிமை குன்றாது நிற்கின்றன. வலிமையுள்ள தசையின் நாணை இடமாற்றி விரல்களோடு இணைத்தால், மடங்கிய விரல் நிமிரும் என்று அவர் கருதினார். கருதியவாறே செய்து வெற்றியும் கண்டார்.

ஆயின், இனித்தான் பாடம் தொடங்குகின்றது. கை சீர்பெற்றுச் சென்றோர் சிலர், நன்றி கூறுதற்கு மாறாக வருத்தத்தோடு திரும்பி வந்தனர். முன்னர் முடங்கிய கையை நீட்டியபோது இரக்கமுற்றுப் பிச்சையிட்டோர், நிமிர்ந்த கையைக் கண்டு இடாது சென்றனர். வேலை தருவாரோ, தொழுநோயுற்றவர் என்று அறிந்து அகற்றினர். பிச்சையும் போயிற்று, தொழிலும் வாய்த்திலது. கையைத் திருத்தினாற் போதாது, அக்கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்பது அப்பொழுதே மருத்துவர்க்கு விளங்கிற்று. அதன் பயனாக மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. ஆண்டு நோயாளிகள் தச்சுத்தொழிலும் பொம்மை செய்தலும் பயின்றனர்.

அங்கும் ஓர் இடர் தோன்றிற்று. உணர்ச்சியற்ற கைக்கு வலி தெரியாது. ஆதலின் சுத்தியலின் பிடியும் அரத்தின் பிடியும் அழுத்திப் புண்ணாக்கியதை அவர் அறிந்திலர். புண் எவ்விடத்து எக்கருவியால் வந்தது என்று நாடோறும் ஆராய்ந்து, கருவிகளின் பிடிகளை மாற்றியமைத்தனர். மரத்தை இழைத்துப் பொருத்துதல் தச்சின் உயிர். கருவியின் பிடி அதன் உடை. உடையை மாற்றினர், உயிர் பிழைத்தது. 'இக்கை தச்சிற்கு உதவாது' என்று ஒரு சொல்லில் முடித்திருத்தல் மிக எளிது. 'இப்பிடி இக்கைக்கு உதவாது' என்று கண்டதே அவர்தம் அறிவு.

இரண்டாவது பாடம்

அக்கல்லூரியிற் பயின்று ஆண்டே பணியாற்றிய மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வண்டி விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்து, இடுப்பிற்குக் கீழ்ச் செயலிழந்தார். மருத்துவராகிய தம் வாழ்வு முடிந்தது என்றே அவர் எண்ணினார். அறுவை மருத்துவர் என்போர் மணிக்கணக்காக நின்று பணி செய்வோர் என்பதன்றோ உலக வழக்கு? அந்நிலையில் பால் பிராண்டு, தொழுநோயாளர் கைகளுக்குச் செய்யும் அறுவையை அமர்ந்தே செய்யலாகும் என்று அவர்க்கு எடுத்துக் காட்டினார். நிற்றல் உடை, கத்தி பிடிக்கும் கையும் அதனை ஆளும் அறிவும் உயிர். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்யத் தொடங்கினார். தம்மினும் நடமாட்டங் குறைந்த ஒருவர் தமக்கு மருத்துவம் செய்தலைக் கண்ட நோயாளர், மருந்தினாற் பெறாத ஊக்கத்தை அக்காட்சியாற் பெற்றனர்.

பின்னர் அவர் நியூயார்க்கு நகரிற் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று மீண்டு, வேலூரில் அத்துறையை நிறுவி நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் அதற்கெனத் தனி நிலையம் அமைந்தது. 1972-இல் அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. விபத்திற்குப் பின்னர் அவரை வீட்டிற்கு அனுப்பியிருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். இரக்கத்தோடு செய்ததாகவும் கருதியிருப்பர். ஆயின், அவ்விரக்கத்தினால் நாடு ஒரு மருத்துவத் துறையை இழந்திருக்கும்.

சட்டம் கூறுவது

தனி மனிதர் அன்பினாற் கண்டதை, நாடு சட்டமாக வகுத்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை இவர்கட்கு ஒதுக்கிற்று. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கையொன்றை ஏற்க, இந்தியா 2007-இல் அதனை உறுதி செய்தது. அதற்கியைய எழுந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையார்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகின்றது. பார்வைக் குறையுடையார்க்கு ஒன்று, செவிக்குறையுடையார்க்கு ஒன்று, இயக்கக் குறையுடையார்க்கு ஒன்று, உளவளர்ச்சிக் குறை, தன்மூழ்கு நிலை, கற்றற்குறை, மனநோய் ஆகியவற்றையும், பல குறைகளை ஒருங்கேயும் உடையார்க்கு ஒன்று என அந்நான்கும் பகுக்கப்பட்டுள்ளன.

ஒதுக்கீட்டினும் நுட்பமானது ஒன்று அச்சட்டத்தில் உளது. அதுவே நியாயமான மாற்றேற்பாடு. வேலை தருவார்க்கு அளவிற்கு மிஞ்சிய சுமையாகாதவாறு, வேண்டும் மாற்றங்களைச் செய்துகொடுத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. வேலூரிற் சுத்தியலின் பிடியை மாற்றியதும், அறுவைக்கூடத்திற் சக்கர நாற்காலியை அனுமதித்ததும் இஃதே. பணியிலிருக்குங்கால் குறையுற்ற அரசு ஊழியரை நீக்குதலும், பதவி தாழ்த்துதலும் கூடாது என்பதும் சட்டம். பழைய பணி இயலாதாயின், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்றல் வேண்டும். அதுவும் இயலாதாயின், தக்க இடம் வருந்துணையோ ஓய்வு பெறுந்துணையோ மிகையிடம் ஒன்றில் வைத்திருத்தல் வேண்டும். பணிக்காலத்திற் காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில், 2003-இலேயே உச்ச நீதிமன்றம் முந்திய சட்டத்தின் இத்தகைய விதியை நிலைநாட்டிற்று.

தனியார் நிறுவனங்களுக்கு 4 விழுக்காட்டுக் கட்டாயம் இல்லை. தம் பணியாளருள் 5 விழுக்காட்டினரேனும் இவர்களாக அமைவதற்கு ஊக்கமளித்தல் அரசின் கடன் என்றளவில் சட்டம் அமைகின்றது. ஆகலின், தனியார்துறையிற் சட்டத்தினும் வேலை தருவாரின் உள்ளத்தெளிவே மிகுதியும் வேண்டப்படுவதாகும்.

தேர்வும் துணைவரும்

யாத்திராகமத்தில் மோசே, தாம் திக்குவாயர் என்று கூறி, இட்ட பணியை ஏற்க அஞ்சுகின்றார். கடவுள் அவரைப் பணியினின்று நீக்கினாரல்லர். வேறொருவரை அவ்விடத்து அமர்த்தினாருமல்லர். ஆரோனைப் பேச்சுத் துணைவராக அளித்து, பணியை மோசேயிடத்தே வைத்தார். சொல்லப்பட வேண்டிய செய்தி உயிர்; சொல்லும் வாய் உடை. தேர்விற் பிறர் சொல்ல எழுதித் தரும் துணைவரைக் கண்டு முகஞ்சுளிப்போர் இவ்வதிகாரத்தை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

எழுதுங்காற் கை இசிவுற்று இறுகும் நோயுடைய தேர்வர் ஒருவர்க்கு, 40 விழுக்காட்டு அளவு இல்லை என்று எழுத்துத் துணைவர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்கவில்லை. ஒதுக்கீடு பெறுதற்குரிய அளவு வேறு, துணை பெறுதற்குரிய தேவை வேறு என்பது அத்தீர்ப்பாற் பெறப்படும் தெளிவு. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், பார்வைக் குறையுடையாரை நீதிபதிப் பதவியினின்று விலக்கிய மத்தியப் பிரதேச விதியொன்றை அந்நீதிமன்றமே நீக்கிற்று. வழக்கின் இருபுறத்தையும் கேட்டுச் சீர்தூக்குதல் நீதிபதியின் தொழிலுக்கு உயிர். ஏட்டைத் தம் கண்ணாற் படித்தல் உடை. தென்னாப்பிரிக்காவில், குழவிப் பருவத்திலேயே பார்வையிழந்தவரும் இந்திய வழியினருமான சாக் யாக்கூபு, 1998 முதல் 2013 வரை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுதும் பார்வையற்றோருள் முதல்வராக 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் அமர்ந்தார்.

தொழில் தேடும் மாணவர் செய்யத்தக்கன

முதலாவது, மருத்துவக் குழுவின் சான்றும், அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டையும் கல்லூரியிற் பயிலும் நாளிலேயே பெற்றுக்கொள்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அதற்கு வழிகாட்டும். விளம்பரம் வந்த பின்னர்ச் சான்று தேடப் புகுவோர், கடைசி நாளைத் தவறவிடுதல் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பெயரைப் பதிந்து, உரிய காலத்திற் புதுப்பித்து வருக.

இரண்டாவது, பணி விளம்பரத்தை முழுதும் படிக்க. எவ்வகைக் குறையுடையார்க்கு எப்பதவி பொருந்தும் என்பதும், அப்பதவிக்கு வேண்டும் உடற்செயல்கள் இவை என்பதும், வயது வரம்பிலும் கட்டணத்திலும் உள்ள சலுகைகளும் அதன்கண் இருக்கும். எழுத்துத் துணைவரோ கூடுதல் நேரமோ வேண்டுமாயின், விண்ணப்பிக்கும்பொழுதே குறிப்பிடுக. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் வழங்குமாறு பணித்தது.

மூன்றாவது, கருவிகளைக் கைவரப் பயில்க. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், ஆஸ்திரேலியரும் தாமே பார்வையற்றவருமான ஒருவரால் 2006-இல் தொடங்கப்பெற்றது, விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் படிக்க வல்லது. கருவியை வேலையில் அமர்ந்த பின்னர்க் கற்போம் என்று இருத்தல் நன்றன்று.

நான்காவது, நேர்காணலிற் குறையை மறைத்தலும் வேண்டா. அதனையே விரித்துரைத்து இரக்கம் நாடலும் வேண்டா. தொழிலின் உயிர் யாது என்று முன்னரே ஆராய்ந்து, அதனைத் தாம் எவ்வாறு செய்து முடிப்பர் என்பதைச் சுருங்கக் கூறுக. "எனக்குப் படியேற இயலாது" என்று நிறுத்துவதினும், "கீழ்த்தளத்தில் ஒரு மேசை அளித்தால், இப்பணி முழுவதையும் குறித்த நேரத்தில் முடிப்பேன்" என்று கூறுதல் சிறந்தது. முன்னது கேட்போர்க்குக் கவலையைத் தருகின்றது. பின்னது வழியைக் காட்டுகின்றது.

வேலை தருவார்க்கும் நமக்கும்

வேலை தரும் நிலையில் உள்ளோர், அன்றி நாளை அந்நிலைக்கு வரவிருக்கும் மாணவர், ஒரு பழக்கத்தை மேற்கொள்ளல் வேண்டும். 'இவர் எப்படிச் செய்வார்?' என்று தம்முள் வினவிக்கொண்டு தாமே விடையிறுத்துக் கொள்வதை விடுத்து, அவ்வினாவை அவரிடமே கேட்க. தம் உடலோடு இருபது முப்பது ஆண்டு வாழ்ந்தவர், ஒரு கதவைத் திறப்பதற்கும் ஒரு ஏட்டைப் படிப்பதற்கும் நாம் கனவிலும் கருதாத வழிகளைக் கண்டறிந்திருப்பர்.

இக்கல்லூரியிலுள்ள நமக்கும் கடமை உண்டு. படிக்கட்டின் அருகே ஒரு சாய்தளம், நூல்நிலையத்திற் குரல் தரும் கணினி ஒன்று, வகுப்பிற் சொன்னதைச் செவிப்புலனில்லாத தோழர்க்கு எழுதிக் காட்டும் நண்பர் ஒருவர் ஆகிய இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. வெளியுலகம் இவர்கட்குக் கதவைத் திறக்குமோ என்று வினவுமுன், நம் கதவின் அகலத்தை நாம் அளந்து பார்த்தோமா?

அம்மாணவர்க்கு யான் இன்று கூறும் விடை இதுவே. தம்பி, நின் வினா நேரிது. முயற்சி ஒன்றே போதும் என்று அன்று யான் கூறியது அரைகுறையான விடை. நீ தட்டும் கதவுகளுட் சில திறவா. அது நின் பழியன்று. ஆயினும் சட்டம் நின் பக்கல் நிற்கின்றது என்பதையும், தொழிலின் உயிரை ஆளும் அறிவு நின்பால் உளது என்பதையும் மறவாதே. அவ்விரண்டையும் கையிற்கொண்டு மீண்டும் தட்டுவாயாக. உள்ளிருப்போர் எழுந்து திறத்தல் எம்மனோர் கடன்.